ஜிகிலி பத்தல!

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பும் அதைவிட அதிகமாய்ப் பளபளப்பும் உள்ள இளவழகன் மாமாவுக்கு,

உன் அக்கா மகள் வெண்மதி எழுதுவது. இங்கே அம்மா, நைனா, நான், பாப்பா மணிமொழி எல்லாரும் சௌக்கியம். மிக்ஸிக்கு மட்டும் சௌக்கியம் இல்லை. அது எரிந்துபோன கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்ணைக் கோணலாக வைத்துப் படித்துக்கொள்.

நீ போகும்போது உன் முதுகில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது பதினாறு வயசு. படிப்பு பிளஸ் ஒன், வாய் பி.எச்.டி. பாப்பாவை உனக்குத் தெரியாது. பதினோரு மாசம்தான் ஆகிறது. எனக்குப் பிறகு இத்தனை வருஷம் கழித்துப் பிறந்ததில் அம்மாவுக்கு வெட்கம், நைனாவுக்குப் பெருமை, எனக்கு ஓவர் டியூட்டி.

பாப்பாவின் தொட்டில் கயிறு அறுந்துபோய், வேறு கயிறு தேடிப் பரண்மேல் ஏறினேன். கிடைத்தது உன் பச்சை டிரங்குப் பெட்டி. மாமா, அது பெட்டியா, தீபாவளியா? மயில்கழுத்துக் கலரில் பெல்பாட்டம், பூசணிக்காய் சைஸில் பஃப் வைத்த ஜாக்கெட், திருவிழா மேடையில் அந்தக் காலத்துக் கதாநாயகி மாதிரி கண்ணைச் சுழற்றி ஆடினாயே, அந்தச் சிவப்புச் சேலை! அன்றைக்கு விசிலடித்தவனுங்களே மறுநாள் தெருவில் “ராணி வருதுடோய்” என்று கத்தினதும், நீ இடுப்பில் கைவைத்து, “ஆமாண்டா, செஞ்சியில ராஜாவுக்கு ஒரு மலை, ராணிக்கு ஒரு மலை. வழிய வுடு” என்று நடந்ததும் அப்படியே ஞாபகம் வந்தது.

அதைவிட ஆச்சரியம், பெட்டிக்குள் பாச்சா உருண்டை புத்தம் புதுசு. “எனக்குத் தம்பியே இல்ல” என்று ஆறு வருஷமாகச் சொல்கிறவள் வீட்டில் இதை யார் போட்டது? நைனா போட்டிருக்க மாட்டார். அவர் அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்கிற ஆள்.

பெட்டியின் அடியில் உன் கையெழுத்தில் ஆறு நோட்டு. மேலே “மிஸ் மின்னல்கொடி - சிரிப்பு நாவல்”. ரிட்டயர் ஆன நடிகை பதினோரு பெட்டி, மூன்று சவுரிமுடியோடு செஞ்சிக்குக் குடிவருகிறாள். ஹைஹீல்ஸ் போட்டுக் கோட்டை ஏறுகிறாள். குரங்கு அவள் சவுரியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள, வாட்ச்மேன் அந்தக் குரங்குக்கு சல்யூட் அடித்து, “இன்னாம்மா, டிக்கெட் எடுத்தீங்களா?” என்று கேட்கிறான். பரண்மேலேயே உருண்டு சிரித்தேன். கீழே விழாமல் இருந்தது மின்னல்கொடியின் புண்ணியம்.

பிறகு என் மூளை சும்மா இருக்குமா? ஸ்கூலுக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து, அட்டை போட்டு, “எழுதியவர்: ராணிக்கோட்டை ராஜாம்பாள்” என்று அச்சடித்து, அவலூர்பேட்டையில் பழைய புஸ்தகக் கடையில் கிடைத்தது என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். ஒட்டுமொத்தக் குடும்பத்துக்கும் காது குத்தினேன்!

அம்மா முதலில் ஒரு பக்கம் புரட்டினாள். அப்புறம் குழம்பு தீய்ந்தது. நைனா வல்லத்தில் மல்லாக்கொட்டை லோடு இறக்கிவிட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், “எங்கடி மின்னலு?” என்று கேட்க ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் அம்மா சத்தமாகப் படிப்பாள், நைனா தொடையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார், பாப்பா பயந்து அழும்.

நாற்பத்தொன்றாம் பக்கம் வந்தது. அங்கேதான் மாட்டினேன்.

உன் நோட்டில் ‘ஜிகினா’ என்று வரவேண்டிய இடமெல்லாம் ‘ஜிகிலி’ என்று இருந்தது. மாமாவுக்கு ஸ்பெல்லிங் வீக் என்று நினைத்து, பெரிய தமிழ் டீச்சர் மாதிரி எல்லாவற்றையும் திருத்தினேன். ஒன்றே ஒன்றை விட்டுவிட்டேன். டெய்லர் கொண்டுவந்த ஜாக்கெட்டைப் பார்த்து மின்னல்கொடி, “ஜிகிலி பத்தல!” என்று கத்துகிற இடம்.

அம்மா அந்த வரியைப் படித்தாள். மறுபடி வாய்க்குள் படித்தாள். எழுந்து சமையல்கட்டுக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஜாரில் ஒன்றும் இல்லை மாமா. வெறும் ஜார். சத்தத்துக்குப் பின்னால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். புகை வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

இரண்டு நாள் அம்மா அந்தப் புஸ்தகத்தைத் தொடவே இல்லை. எனக்கு ஒரே டென்ஷன். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே, “அசல் நோட்டு எங்கடி?” என்றாள். கொடுத்தேன். நாலு வயசில் உனக்கு ஜிகினா என்று சொல்ல வராதாம், சாமி ஜோடனையில் உதிர்ந்த ஜிகினாவைப் பொறுக்கி நெற்றியில் ஒட்டிக்கொண்டு “அக்கா, ஜிகிலி” என்று ஓடிவருவாயாம். அந்த வார்த்தை உங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றாள்.

அதை அப்படியே போனில் தட்டித் தேடினேன். பெங்களூரில் ‘ஜிகிலி காஸ்ட்யூம்ஸ்’ என்று ஒரு தையல் கடை! போட்டோவில் நீ மஞ்சள் கோட்டு, காதில் தொங்கட்டான். பக்கத்தில் குரு மாமா. பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரியைத் தின்றுவிட்டு, “பொண்ணு ரொம்ப நல்லா இருக்குது, அவளுக்கு நல்ல பையனாப் பாருங்க. எனக்குக் குரு இருக்கான்” என்று சொன்னாயே, அந்தக் குருவேதான். அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தம்பி இல்லாமல் போனான். இப்போது அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தவள், “இளைச்சிட்டான்” என்றாள். பொய். உனக்குத் தொப்பை இருக்கிறது.

இனி முக்கியமான சேதி. மாசி பதினொன்று, பாப்பாவுக்குக் காதுகுத்து. பத்திரிகை புரூப் வந்தது. தாய்மாமன் என்ற இடத்தில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி தேவேந்திரன் பேரைப் போட்டிருந்தார் நைனா. அம்மா என் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு ‘இளவழகன்’ என்று எழுதினாள். நைனா, “ஊர்ல நாலு பேரு இன்னா பேசுவாங்க?” என்றார். “பேசட்டும். எம் பொண்ணு எந் தம்பி மடியிலதான் உக்காருவா” என்றாள். நைனா புரூப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, “வந்தா அந்தக் குரங்குகிட்டேர்ந்து சவுரி திரும்பக் கெடச்சுதான்னு எழுதி முடிப்பானா?” என்று கேட்டார். நீ ஆறாவது நோட்டைப் பாதியில் விட்டுப் போனதில் அவருக்குத் தூக்கமே இல்லை.

நேற்று அம்மா தாய்மாமனுக்கு என்று பட்டுவேட்டி எடுத்து வந்தாள். பையில் இரண்டு இருந்தது. இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். “கடையில ஜோடியாத்தான் குடுத்தாங்க” என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செஞ்சியில் எந்தக் கடையில் மாமா இப்படிக் கொடுக்கிறார்கள்?

வா என்று அம்மா எழுதச் சொல்லவில்லை. அதற்கு அவளுக்கு வாய் வராது, உனக்கே தெரியும். ஆனால் இந்தப் பார்சலைப் பிரித்துப் பார். காதுகுத்துக்குக் கட்டப்போகிற சேலையின் ஜாக்கெட் பிட்டும், அம்மாவின் அளவு ஜாக்கெட்டும் இருக்கும். சீட்டு அவளே எழுதி மடித்து வைத்தாள். நான் படிக்கவில்லை. சரி, படித்துவிட்டேன்:

“ஒடம்பு பெருத்துட்டேன். ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் உட்டுத் தை. பஃப் பெருசா இருக்கட்டும். கூரியர்ல அனுப்புனா வாங்க மாட்டேன். ஜிகிலி பத்தலன்னாலும் வாங்க மாட்டேன்.”

இப்படிக்கு,
மடிக்காகக் காத்திருக்கும் மணிமொழிக்காக,
உன் வெண்மதி.