செவ்வாய்க்கிழமை மௌனம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? இங்கே நான் சுகம்.

நீங்கள் தந்த உபதேசப் புத்தகத்தின்படி செவ்வாய்தோறும் மதியம் வரை மௌனமாக இருக்கிறேன். போன செவ்வாயன்று கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்பக்கமாக வந்தது. என்னோடு அறையில் தங்கியிருக்கும் பெரியவர் அதற்கு முதுகைக் காட்டிப் பெட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கத்துவதா வேண்டாமா என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். பிறகுதான் ஓடிப்போய் இழுத்தேன். அவருக்குக் கால் கட்டைவிரலில் சின்ன முறிவு. பயப்பட ஒன்றுமில்லை.

"ஏம்பா, ஒரு சத்தம் போட்டிருந்தா உன் சாமி கோச்சுக்குமா? அந்தப் புத்தகத்த எழுதினவரு ஃபோர்க்லிஃப்ட்டக் கண்ணால பாத்திருக்க மாட்டாரு" என்று கட்டுப்போட்ட காலோடு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கேட்காமலே அவருக்கு மூன்று முறை டீ போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நேற்று புத்தகத்தில் மௌன விரதம் பற்றிய அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "முடிந்த நாளில் மட்டும்." எட்டு மாதமாகக் கண்ணில் பட்டும் மனதில் வாங்கவில்லை.

உங்கள் முழங்கால் தைலத்தில் இரண்டு புட்டி அனுப்புங்கள், அவருக்கும் ஆகும். என் விரதத்துக்காக நீங்கள் செவ்வாய் காலையில் போன் செய்வதில்லை. இனிமேல் செய்யுங்கள். பத்து மணிக்கு இடைவேளை, எடுத்துப் பேசுவேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்