பற்றவைக்காத சுருட்டு

அண்ணை,

போன சனிக்கிழமை, பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற ரூ காய் தெருவுக்கு முருங்கைக்காய் வாங்கப் போயிருந்தேன். கடைக்கு வெளியே, மரக்கறிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர் நின்று சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். சிகரட் இல்லை, அசல் யாழ்ப்பாணச் சுருட்டு. வரிசையில் நின்ற ஒரு தாய் தன் பிள்ளையின் தள்ளுவண்டியை மறுபக்கம் திருப்பினாள். நானும் பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினேன். அடுத்த கணம் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, புகை வருகிற பக்கமாகப் போய், அவர் குடித்து முடிக்கும்வரை நின்றேன். முருங்கைக்காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்து, வெறுங்கையோடு வந்ததற்கு ஏச்சும் வாங்கினேன்.

வாரத்தில் ஆறு நாள் நீங்கள் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவினீர்கள். ஏழாம் நாள் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் கூடைப்பந்துக் கோச். நான் உங்களைவிட ஐந்து வயது இளையவன். பிரெஞ்சு எழுதத் தெரிந்த குற்றத்துக்காகச் செயலாளர் ஆக்கப்பட்டவன். உங்கள் வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். கரண்ட் பில் வந்தாலும் என்னிடம்தான் வருவீர்கள், ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் எல்லாம் முடிந்துபோன பிறகு, கழகத்தை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பந்தைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. நீங்கள்தான் பெண்பிள்ளைகளுக்கு ஓர் அணி தொடங்குவோம் என்றீர்கள். "பிள்ளையள் ஓடட்டும், ரவி. நாங்கள் இருந்து அழுதது காணும்." பாரிஸுக்கு வெளியே, வடக்குப் புறநகர் ஒன்றில், மேரிக்காரர், அதுதான் நகரசபைக்காரர், ஞாயிறு காலையில் விளையாட்டு மண்டபத்தைத் தந்தார்கள். என் மகளையும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள். ஒருத்திக்கும் பந்தைத் தரையில் தட்டத் தெரியாது.

அமெரிக்காவில் பெயர்போன ஒரு கூடைப்பந்துக் கோச் இருந்தாராம். வெற்றி நிச்சயம் என்று தெரிந்தால் ஆட்டம் முடிய முன்பே வாங்கில் இருந்தபடி சுருட்டைப் பற்றவைப்பாராம். எதிரணி எரிந்துபோகுமாம். பள்ளிக்கூடக் காலத்தில் ஏதோ சஞ்சிகையில் வாசித்ததாகச் சொல்வீர்கள். அவருடைய சுருட்டு என்ன விலையோ, உங்களுடையது ஊருக்குப் போய் வருபவர்கள் சூட்கேசில் சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவருவது. பிரான்ஸில் மண்டபத்துக்குள் பற்றவைக்க முடியாது. ஆகவே நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, நாங்கள் நன்றாக முன்னால் இருந்தால், எழுந்து வாசலுக்குப் போவீர்கள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கையை என் பக்கம் நீட்டுவீர்கள். சுருட்டும் லைட்டரும் என் பையில்தான் இருக்கும். நான் ஓடிவந்து நெருப்புப் பிடிப்பேன். பிள்ளைகள் அதைக் கண்டால் கூவுவார்கள். அப்போது பெற்றோரும் சிரித்தார்கள். இரண்டு தகப்பன்மார் உங்கள் சுருட்டிலேயே தங்கள் சிகரட்டைப் பற்றவைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு காலம் மாறியது. பிள்ளைகளுக்கு வகுப்பில் நுரையீரல் படங்களைக் காட்டினார்கள். வெளியே போன புகை காற்றடித்தால் உள்ளே வந்தது. ஒரு பிள்ளைக்கு மூச்சிழுப்பு. சிரித்த தகப்பன்மார் சிகரட்டை விட்டுவிட்டு, விட்டவர்களுக்கே உரிய கோபத்தோடு என்னிடம் வந்தார்கள். என் மகள் காரில் ஏறியதும் "பப்பா, சா ப்யூ" என்று பிரெஞ்சில் மூக்கைச் சுளித்தாள். நாறுகிறதாம். அவர்கள் சொன்னது நியாயம், அண்ணை. இன்றைக்கும் நான் அதையே சொல்வேன். கூட்டத்தில் கோச்சிடம் யார் சொல்வது என்று கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உங்கள் வீடு லா சப்பலில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, "அண்ணை, இனி வாசலிலை வேண்டாம், பிள்ளையளுக்குக் கூடாது" என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இத்தனை நாள் நெருப்புப் பிடித்த கையோடு அதைச் சொல்ல எனக்கு முகமில்லை. எனவே கழகத்தின் தாளில், பிரெஞ்சில், நாலு வரி அடித்துத் தபாலில் போட்டேன். கீழே "செயலாளர்" என்றுகூடப் போடவில்லை. கையெழுத்தும் இல்லை. மண்டபம் தந்த நன்றிக்காக அந்தத் தாளின் தலையில் மேரியின் சின்னம் அச்சடித்திருந்தோம்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதத்தையே கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"ரவி, மேரியிலையிருந்து கடிதம் வந்திருக்கு. என்னெண்டு ஒருக்கா வாசி."

நான் எழுதியதை நானே உங்களுக்கு வாசித்தேன். குரலைக்கூட மாற்றிக்கொண்டேன். நீங்கள் தலையைக் குனிந்து கேட்டீர்கள்.

"ஆர் சொல்லிக் குடுத்திருப்பினம்? கார்டியனோ?"

"தெரியேல்லை அண்ணை."

"சரி, அவை சொல்லுறதிலை பிழையில்லை. பிள்ளையளின்ரை நெஞ்சுதானே," என்றீர்கள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். அன்றைக்கு விட்ட சுருட்டை நீங்கள் பிறகு தொடவே இல்லை. அடுத்த ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, மண்டபத்தைக் காவல் பார்க்கிற அந்தக் கார்டியனுக்கு பொன்ஜூர் சொல்லி, கடலை வடை ஒரு பொட்டலம் நீட்டினீர்கள். அந்த மனிதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வடை. எனக்கு அதைப் பார்க்க முடியாமல் பந்துகளுக்குக் காற்றடிக்கப் போய்விடுவேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த வருடம் நீங்கள் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருந்தீர்கள். பத்திரங்கள் எல்லாம் தயார். ஒருநாள் சொன்னீர்கள்: "இப்ப வேண்டாம் ரவி. மேரியிலை என்ரை பேர் கெட்டுக் கிடக்கு. கொஞ்சம் ஆறட்டும்." அகதியாக வந்தவனுக்கு அரசாங்கத்துத் தாள் என்றால் என்ன பயம் என்று எனக்குத் தெரியாதா? நானும் அப்படி வந்தவன்தானே. ஒரு வசனம் போதும்: அது நான் எழுதிய கடிதம் அண்ணை. நான் சொன்னது, "ஓம் அண்ணை, ஆறட்டும்."

மூன்று வருடம் ஆறியது. அந்த ஒன்பது பிள்ளைகளும் வளர்ந்து, லண்டனில் தமிழ்க் கழகங்களின் போட்டிக்குத் தெரிவானார்கள். உங்கள் அகதிப் பயணப் புத்தகத்துக்கு லண்டன் விசா மறுத்துவிட்டார்கள். குடியுரிமை இருந்திருந்தால் எங்களோடு சும்மா ரயில் ஏறியிருப்பீர்கள். கார் து நோர் ரயில் நிலையத்தில் படிக்கட்டின் அடிவரைக்கும் வந்தீர்கள். அதற்கு மேலே பாஸ்போட் பார்ப்பவர்கள். ஒவ்வொரு பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றையும் குனிந்து பார்த்தீர்கள். பிறகு என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, டிஷ்யூவில் சுற்றிய ஒரு சுருட்டைத் தந்தீர்கள்.

"கடைசி ஒண்டு வைச்சிருந்தனான். ரண்டு நிமிஷம் இருக்கேக்கை வெளியிலை போய் நீ பத்த வை. இஞ்சைதான் எனக்குத் தடை, லண்டனிலை உனக்கு ஆர் தடை?"

பிள்ளைகள் வென்றார்கள், பதினொரு புள்ளியால். இரண்டு நிமிடம் இருக்கும்போது நான் வாசலுக்குப் போனேன். அங்கே பெற்றோர் நின்றார்கள், குழந்தைகளோடு. லைட்டரைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். உடனே உங்கள் அழைப்பு வந்தது.

"பத்த வைச்சனியே?"

"ஓம் அண்ணை."

"மணம் எப்பிடியடா?"

அதற்கு என்ன சொன்னேன் என்று எழுதக் கை கூசுகிறது. "அப்பிடியே ஊர் மணம் அண்ணை" என்றேன். போனில் நீங்கள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நீங்கள் எங்களை விட்டுப் போனது நீரிழிவு வருத்தத்தால், சிறுநீரகம் இரண்டும் பழுதாகி. மரண வீட்டில் "சுருட்டுக் குடிச்ச மனிசன்தானே" என்று பேசிக்கொண்டார்கள். எத்தனை வருடமாக நீங்கள் அதைத் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கேயும் பேசாமல் நின்றேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து உங்கள் மனைவி, எங்கள் அக்கா, உங்கள் பைலை எடுத்து வந்தார். குடியுரிமைப் பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே என் நாலு வரி, பிளாஸ்டிக் உறைக்குள், கசங்காமல்.

"இதை மறைக்கக் கூடாதாம். விண்ணப்பம் குடுக்கேக்கை தானே காட்டி மன்னிப்புக் கேட்கவேணுமெண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். இனி இதை மேரியிலை திருப்பிக் குடுக்கவேணுமோ, தம்பி?"

"என்னட்டைத் தாங்கோ அக்கா, நான் குடுக்கிறன்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றுவரை ஒரு பிஸ்கட் டின்னில் லண்டன் சுருட்டும் அந்தக் கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. வீடு மாறியபோது மனைவி எறியப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணை, என் முதல் கடிதத்தை உங்களால் வாசிக்க முடியவில்லை. இதை உங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதியிருக்கிறேன். வாசிக்கத்தான் நீங்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டின்னையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போகிறேன். அவர் முன்னால் இருந்து இதை முழுக்க வாசிப்பேன், குரலை மாற்றாமல். அவர் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். இந்த முறை கையெழுத்து வைத்திருக்கிறேன்.

ரவி
செயலாளர்