திருப்தி என்று எழுதிய பெண்

வைத்திக்குப்பம்
14.7.2008

அன்பு மகன் ஆனந்தராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே. லண்டனில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போட்டில் இஞ்சின் ரிப்பேர், அப்பா வீட்டில்தான் இருக்கிறார்.

உன் தங்கை சுவேதா விஷயமாகத்தான் எழுதுகிறேன். படிக்கிற பிள்ளைகளே திருப்தி என்று சொல்கிற காலேஜாகப் பார்த்துச் சேருங்கள், லண்டனில் எல்லோரும் அந்தத் திருப்திச் சதவீதத்தைப் பார்த்துத்தான் சேர்கிறார்கள் என்று போனில் பாடம் எடுத்தாயே, அதை நம்பி, பிள்ளைகளிடம் கேட்டுப் பத்திரிகையில் போடுகிற பட்டியலில் முதலில் இருந்த காலேஜில் போன வருஷம் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்தோம். அங்கே லேப் என்று ஒரு பூட்டிய அறை இருக்கிறது. ரத்தம் எடுக்கக்கூட இதுவரை ஒருவரும் சொல்லித் தரவில்லை. மாசி மாதம் அதே பத்திரிகைக்காரர்கள் ஃபாரத்தோடு வந்தபோது என் மகள் எல்லாக் கேள்விக்கும் 'மிகவும் திருப்தி' என்று டிக் அடித்திருக்கிறாள். ஏண்டி என்று கேட்டால், "சுனாமிக்கு அப்புறம் ஃபாரம் எடுத்துக்கினு வந்தவங்ககிட்ட குப்பமே எல்லாம் நல்லாருக்குன்னுதானே சொன்னோம், கொற சொன்னா வர்ற நிவாரணமும் நின்னுடும்னு" என்கிறாள். கூடப் படிக்கிறவர்களும் அப்படித்தானாம், சர்டிபிகேட்டில் அந்தக் காலேஜ் பேர்தானே வரப்போகிறது, நம் வாயாலேயே கெடுத்துக்கொள்வானேன் என்று. நான் மீன் விற்கிறவள், செவுளைத் திறந்து பார்க்காமல் ஒருத்தியும் என்னிடம் வாங்க மாட்டாள். காலேஜை மட்டும் நாம் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இந்த வருஷப் பட்டியலிலும் அதற்குத்தான் முதலிடம். அரியாங்குப்பத்திலிருந்து உன் தில்லையம்மாள் அத்தை தன் மகள் மாலாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள், அதே படிப்பில் சேர்க்க. நான் எழுதினதெல்லாம் பொய், சேர்க்காதீங்க அத்தை என்று சுவேதா அழுதாள். "ஊருக்கெல்லாம் நல்லாருக்குன்னு எழுதுவா, எம் பொண்ணுன்னு வந்தா மட்டும் நல்லால்லையா? உங்க பொண்ணு மட்டும்தான் படிக்கணுமா அண்ணி" என்று என்னைக் கேட்டுவிட்டு, உன் அத்தை காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டாள். நாத்தனார் பேச்சு எனக்குப் புதிதில்லை, ஆனால் பெற்ற வயிறு எரிகிறது. அப்பா போய்ச் சொல்லியும் எடுபடவில்லை. வியாழக்கிழமை சேர்த்துவிட்டார்கள். இன்று காலை அரியாங்குப்பத்தில் பஸ் ஏறிய மாலா, சுவேதா பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாளாம். வந்ததிலிருந்து இவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். தங்கைக்குப் போன் போடு, புத்தி சொல்லாதே. காலேஜ் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே. நல்லாருக்கு என்றுதான் இனி உன்னிடமும் சொல்வாள்.

உன் அம்மா,
செல்வாம்பாள்