ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார்களாமே

டேவென்டர்
பிப்ரவரி 24

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளை எய்விண்டும் அந்த நார்வே குளிரில் காலுறை மேல் காலுறை போட்டு நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். கருக்குழாய் இரண்டும் திறந்திருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து இரண்டு முறை ஆப்பிள் கேக் செய்துவிட்டேன், அப்பா காரணமே கேட்காமல் சாப்பிட்டார். முதலில் ஒரு மன்னிப்பு. யாருக்கும் சொல்லாதே என்றாய், நானும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் நாள் மறந்துவிடுமே என்று கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில், மச்சினர் பெயருக்குக் கீழே, ஹெஸ்டருக்குக் கருக்குழாய் ஸ்கேன் என்று எழுதியிருந்தேன். சனிக்கிழமை அப்பா பிறந்தநாளுக்குப் பதினான்கு பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தார்கள், அத்தனை காபி குடித்தால் எங்கே போவார்கள்? வில்லெமீன் அத்தை போய்விட்டு வந்து அப்பாவின் கையைக் குலுக்கி, பிறந்தநாளுக்கும் வாழ்த்து தம்பி, மக ஸ்கேனுக்கும் வாழ்த்து, என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள். ரகசியத்தைப் பூட்டி வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையாடி என்று அப்பா இன்னும் கேலி செய்கிறார்.

அதில் ஒரு நல்லதும் நடந்தது. கோப்பை கழுவும்போது பக்கத்து வீட்டு யோலைன் பின்னாலேயே வந்து, எனக்கும் அதே சோதனைதான் செஞ்சாங்க, நுரை மாதிரி ஒண்ணை உள்ளே விட்டுப் பார்த்தாங்க, கொஞ்ச நேரம் வயிறு பிடிச்சு இழுத்துது, மூணாம் மாசமே தானா தங்கிடுச்சு, நுரைதான் வழியைத் துடைச்சு விட்டுதுன்னு நான் சொன்னா டாக்டர் சிரிக்கிறார், என்றாள். அவள் தங்கைக்கும் அதே சோதனைதான், ஒரு வருடம் ஒன்றும் ஆகாமல் சோதனைக் குழாய் முறைக்குப் போனாள், அதில் பிறந்த பையன்தான் இப்போது யோலைன் மகளைத் துரத்தித் துரத்தி அடிக்கிறானாம்.

முப்பத்து நாலு வயசுல, சோதனைக் குழாய் முறைக்கு இன்னும் ஆறு மாசம் பொறுன்னா எப்படிம்மா என்று நீ போனில் கத்தியது காதிலேயே இருக்கிறது. சோதனைக்குப் பின் சில மாதம் இயல்பாகத் தங்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்றுதான் உன் டாக்டர் சொன்னார், கூடும் என்று சொல்லவில்லை. பொறுத்துப் பார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. பொறுக்கப்போவது நான் இல்லையே. நீங்கள் இருவரும் பேசி எதைத் தீர்மானித்தாலும் அதுதான் எனக்கும் சரி. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டுக் கேட்டு உன்னை மாதாமாதம் பரீட்சை எழுத வைத்துவிட்டேன் என்று இப்போதுதான் புரிகிறது. இனி கேட்கமாட்டேன். தவறிக் கேட்டால் போனை வைத்துவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இருவராக வந்தாலும் மூவராக வந்தாலும் கோடையில் மாடி அறை உங்களுக்குத்தான். மனம் நிறைந்து நன்றாக இருங்கள். ஃபோலிக் மாத்திரையை மறக்காதே. இது ஞாபகப்படுத்தல் மட்டும்தான், கேள்வி இல்லை.

கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்,
அம்மா