முதலில் எழுபவள்

மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

இங்கே என் மாமியாரின் தோழிகள் வீட்டு ஞாயிறு விருந்து சாப்பாட்டோடு முடிவதில்லை. விளக்குப் போடும்வரை எல்லாரும் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்த டாக்டரம்மாவிடம், "கிளம்பலையா?" என்றேன். "முதல்ல யார் எழுந்தாலும் அவங்க தலைதான் உருளும்" என்றார். பாவமாக இருந்தது. நானே எழுந்துவிட்டேன். என்னைப் பேசிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக வீடு போகலாமே! மூன்று வாரமாக இப்படித்தான். உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் கோபம்.

உங்கள்
செல்லம்

மார்ச் 9

செல்லத்துக்கு,

தைலம் தேய்க்கிறேன். இதை இருமுறை எழுதிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். அப்படியும் சரியாகச் சொல்கிறேனா தெரியவில்லை. பெரிய இடம், அம்மா. எல்லாரும் உட்கார்ந்திருந்தால் நீயும் உட்கார்ந்திரேன். பள்ளி நூலகத்தில் அத்தனை வருடம் இருந்தும் நான் யாரையும் வாய்விட்டு 'உஷ்' என்றதில்லை; பலகைதான் மாட்டினேன். என்னிடம் வேறென்ன புத்திமதி கிடைக்கும்?

வரும் ஞாயிறு என்னையும் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். எந்தச் சட்டை போடட்டும்?

உன் அப்பா

மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளைச் சட்டை.

"இன்னொரு தரம் முதல்ல எழுந்தா, இனிமே என்கூட எங்கயும் வராதே" என்று உங்கள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை அப்பா, பயந்தவர். உங்களைப் போல. கடைசிவரை உட்காரப் பார்க்கிறேன்.

செல்லம்

மார்ச் 17

என் செல்லத்துக்கு,

டாக்டரம்மா தூக்கத்தில் உன் தோளில் சாய்ந்ததும் நீ பாவம் பார்த்து எழுந்து போய்விட்டாய். பிறகு நடந்ததை மாப்பிள்ளை சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் வாயைத் திறந்தது அந்த டாக்டரம்மாவேதான். "சாப்பிட்ட கையோட ஓடுதே, அடுத்த பந்திக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை தன் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. என்னென்னவோ சொல்ல நினைத்தேன், வந்தது இவ்வளவுதான்: "என் பொண்ணைப் பேசினது போதும்மா. மிச்சத்துக்கு என்னைப் பேசுங்க."

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். "மாமா, குடையை விட்டுட்டீங்க." நான் குடையே கொண்டுவரவில்லை. அதைச் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். பேருந்து வரும்வரை கூடவே நின்றார்.

"அவ கோபமா இருப்பாளா, மாமா?"

"அவளுக்கு அது வராது, மாப்பிள்ளை."

நான் ஏறியதும் அவர் திரும்பி நடந்தது விருந்து வீட்டுப் பக்கம் அல்ல, உங்கள் தெருப் பக்கம்.

என் போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. குடை யாருடையதோ, கைப்பிடி வெள்ளி. பத்திரமாக மாட்டி வைத்திருக்கிறேன். இருவருமாக வந்து வாங்கிப் போங்கள்.

உன் அப்பா