இரண்டு பேருக்கு ஊறும் சோயா

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். உன் கால்வீக்கமும் அத்தானின் இருமலும் குறைந்ததா? நான் கல்லுக்குண்டாக இருக்கிறேன்.

சர்க்கரைக்கு டாக்டர் இட்லியை நிறுத்தச் சொல்லிவிட்டார், முட்டையையும் தொட மாட்டேன், காலையில் எதைத் தின்பது என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். ஊறவைத்த சோயாவை இஞ்சி, மிளகாயோடு அரைத்து, பனீரை உதிர்த்துப் போட்டு அடையாகச் சுடு. அரிசி ஒரு மணிகூட வேண்டாம். இங்கே பட்டறை மேனேஜரே என்னிடம் செய்முறையை எழுதி வாங்கிப்போனார்.

என் அறையில் இருந்த வெல்டரும் முட்டை தொடாத சர்க்கரைக்காரன். தினமும் அவனுக்கும் சேர்த்துச் சுட்டேன். "என்ன மாமா, உப்புக்கும் ரேஷனா?" என்று கிண்டல் செய்துகொண்டே நாலு அடை தின்பான். "மாத்திரையத் தூக்கிப் போடுடா, எல்லாத்தையும் என் அடை பாத்துக்கும்" என்றேன். தூக்கிப் போட்டுவிட்டான். அவன் ஊருக்குப் போய்விட்டதாகப் போனில் சொன்னேனே, அது பொய் அக்கா. பட்டறையில் மயங்கி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

இப்போதும் என் கை இரண்டு பேருக்குத்தான் ஊறப்போடுகிறது. காலையில் அடை சுடும்போது காலிக் கட்டிலிலிருந்து உப்பு கேட்கிறான். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. உப்பை மட்டும் கொஞ்சம் கூடப் போடுகிறேன்.

ஒரு ஆளுக்கு அளக்கிற மாதிரி சின்ன டம்ளர் ஒன்று அனுப்பு. அடை சாப்பிடு. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே, நானே சொன்னாலும். வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது.

உன் தம்பி