கேட்டதற்கு மேல் கிடைத்த தீர்ப்பு

மாதா துணை
செஞ்சி

கீர்த்தனாவின் அப்பாவுக்கு அமலோற்பவம் எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ஜேம்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

செப்டிக் டேங்க் லாரிகள் நம் ஏரியில் கழிவைக் கொட்டியதும், கீர்த்தனாவுக்குக் காலெல்லாம் புண் வந்ததும் உங்களுக்குத் தெரியும். ஏழு மனு கொடுத்தேன், ஒரு ஆபீசரும் அசையவில்லை. எரிச்சலில் ஹைகோர்ட் ஜட்ஜுக்கே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். உங்களிடம் சொல்லாதது தப்புதான். அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் லாரி நின்றது. பங்குச் சாமியார் பூசையில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜட்ஜ் அதோடு விடவில்லை. ஏரி எல்லைக்குள் இருக்கும் வீடுகளையும் எட்டு வாரத்தில் எடுக்கச் சொல்லிவிட்டார். அமாவாசை அன்று சர்வேயர் வந்தார். பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டதால் வெயிலில் நடந்தே வந்தார் பாவம், நான்தான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு நம் அடுப்படிச் சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார். மொத்தம் பத்தொன்பது வீடு. வரி ரசீது இருக்கிறது, கரண்ட் கார்டு இருக்கிறது, பட்டா இல்லையே!

வக்கீல் பூங்குழலியிடம் ஓடினேன். “நீங்க கேட்டது லாரிய மட்டுந்தான்க்கா. ஆபீசருங்க தூங்கினா கோர்ட்டு எழுப்பலாம். அவங்க வேலையையும் கோர்ட்டே செய்யலாமான்னு சட்டம் படிச்சவங்களுக்குள்ளயே சண்டை இருக்குது” என்றாள். எனக்கென்ன தெரியும்? யாரும் காது கொடுக்காதபோது அந்த ஜட்ஜ்தான் கொடுத்தார். இடிக்கச் சொல்லுமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பக்கத்து வீட்டு வீராசாமி அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “அந்த லெட்டர நான் எழுதலன்னு கோர்ட்ல எழுதிக் குடு, கேசு போயிடும்” என்கிறார். மாட்டேன் என்றேன். லாரி மறுபடி வந்தால்? ஏரியை விட்டுவிடாதீர்கள், எங்களைக் கேட்காமல் இடிக்காதீர்கள் என்று ஜட்ஜுக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் போடவில்லை.

பன்னிரண்டு வருஷம் அந்த ஊர் வெயிலில் நின்று நீங்கள் கட்டிய வீடு. எனக்குப் பயமாக இருக்கிறது. மாதா உங்களைக் காப்பாற்றட்டும். போன் பண்ணும்போது முதலில் கீர்த்தனாவின் கால் புண்ணைப் பற்றிக் கேளுங்கள். ஆறிவிட்டது என்று சொல்வேன். வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு கேளுங்கள்.

அமலோற்பவம்